மேய்ப்பனும் உடையானும்

கிறித்துவ சமயத்தார் இறைவனை மேய்ப்பன் என வழுத்துவது யாவரும் அறிந்ததே. யோவான் சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்தில், கூலிக்கு மேய்ப்பவன் ஓநாய் வரக்கண்டு ஓடுவான் என்றும், தாமோ ஆடுகளுக்காக உயிரும் கொடுப்பதாகவும் இயேசு கூறுகின்றார். தொண்ணூற்றொன்பதை விட்டு ஓராட்டைத் தேடிச் சுமந்து வரும் உவமை லூக்காவில் உளது. கேட்டார் உள்ளத்தை உருக்குவன இவை என்பதில் ஐயமின்று. இது பற்றி நம்மவருட் சிலர், 'பசுபதி என்பதும் இதுவே. சொல் வேறு, பொருள் ஒன்று' என்பர். அஃது ஆராயத்தக்கது.

பசுபதி என்னும் திருநாமம் கொங்கு நாட்டார்க்குப் புதிதன்று. கொங்கேழ் தலங்களுள் ஒன்றாய கருவூர் ஆனிலையிற் பெருமான் பசுபதீசுவரர். காமதேனு பூசித்த தலம் அது. பேரூர்ப் பட்டிப்பெருமான் திருமுடிமேற் கன்றின் குளம்புச் சுவடு உளதென்பது தலபுராண மரபு. ஆயினும் சித்தாந்தத்திற் பசு என்பது மேயும் விலங்கு மாத்திரமன்று. பாசத்தாற் கட்டுண்டது எதுவோ அது பசு. ஆடு வழிதவறியது, பசுவோ கட்டுண்டது. தவறியதற்குத் தேடுவோன் வேண்டும். கட்டுண்டதற்கு அவிழ்ப்போன் வேண்டும். ஆணவம் அநாதியாகலின், உயிர் முன்னொருகால் மந்தையிலிருந்து பின்னர்ப் பிரிந்ததன்று. உடையான் பார்வைக்குத் தப்பியதுமன்று.

அன்றியும், அவிழ்க்குமுன் அவனே வேறு கயிறுமிட்டுக் கட்டுகின்றான். மாயை கன்மங்களாகிய கயிறுகளால் உடலும் உலகும் போகமும் கூட்டி, மலம் பரிபாகம் எய்துமளவும் திரோதான சத்தியால் மறைந்து நிற்கின்றான். காங்கேயக் காளைக்கு மூக்கணாங்கயிறு இடும் உழவனைக் கொடியன் என்பார் யார்?

இனி மேய்ப்பன் யாவன்? நம் ஊர்களில் உடையவன் ஒருவன், மேய்ப்பவன் ஒருவன். சேய்ஞலூரில் மேய்ப்பான் பசுவைக் கோல்கொண்டு அடிக்கக் கண்டு, அவனை விலக்கி ஊர்ப்பசுக்களைத் தாமே மேய்த்தார் விசாரசருமனார். சாத்தனூரில் மூலன் இறந்துபடப் பசுக்கள் அவனுடலைச் சூழ்ந்து கதறின. கயிலையினின்று போந்த சிவயோகியார் அவ்வுடலிற் புகுந்து அவற்றின் துயர் தீர்த்தார். அவர் மந்தைக்காக உயிரை விட்டாரல்லர். இறந்த உடலுக்கு உயிராயினார். இருவரும் மேய்த்தன பிறருடைய பசுக்கள் என்பது நோக்குக. ஆகலின் மேய்ப்பன் நிலை ஞானாசிரியனுக்கே உரித்து. பிறப்பிறப்பில்லாத பதிக்கு உயிர் கொடுத்தல் கூறுதல் நம் நூல்களுக்கு ஒவ்வாது. எனினும், இறைவனே குருவாய் வந்து உணர்த்துவன் எனச் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் கூறுதலின், மேய்ப்பானுள் நின்று மேய்ப்பவன் உடையானே. இவ்வளவில் 'பொருள் ஒன்று' என்றார் கூற்று முற்றும் பிழையன்று.

'தொலைந்த ஒன்றனுக்காக வருந்துவான் உங்கள் பதியில் உளனோ?' என வினவின், ஆணவம் ஒன்றேயாயினும் அதன் சத்தி உயிர்தோறும் வேறு, பரிபாகமும் வேறு, சத்திநிபாதமும் தனித்தனியே நிகழும். நூறு பசுவும் ஒரே நாளில் அவிழ்க்கப்படுவன அல்ல. ஒவ்வொன்றன் முடிச்சையும் அதனதன் பருவம் பார்த்து அவன் தன் கையாலேயே அவிழ்க்கின்றான்.