மகள் அழைக்கும் விருந்தினர்: பெண் சாரணியர் அணிகளில் தந்தை–மகள் நிகழ்ச்சிகளைத் திட்டமிடுதல்

அமெரிக்கப் பெண் சாரணியர் இயக்கம் 1912ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் ஜூலியட் கார்டன் லோ அம்மையாரால் 18 சிறுமியரைக் கொண்டு தொடங்கப்பட்டது. அதன் அடிப்படை அலகு ‘ட்ரூப்’ எனப்படும் அணி. அருகருகே உள்ள அணிகளை இணைத்து நடத்துவது ‘சர்வீஸ் யூனிட்’ என்னும் தன்னார்வலர் குழு. அவற்றுக்கெல்லாம் மேலே நின்று விதிகளை நடைமுறைப்படுத்தி, முகாம் நிலங்களைப் பராமரிக்கும் வட்டார அமைப்பு ‘கவுன்சில்’. அணியின் அன்றாடப் பணி பல இடங்களில் தாய்மாரின் தோளிலேயே இருப்பதால், தந்தையரையும் மகள்களின் சாரணிய வாழ்வுக்குள் கொண்டுவரும் நோக்கில் நடன விருந்து, மரவேலைப் பட்டறை, பௌலிங் மாலை, ஒருநாள் முகாம் போன்றவை நடத்தப்படுகின்றன. இவற்றை நடத்திப் பழகியவர்களின் அனுபவம் ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: யாரை அழைப்பது, என்ன செய்வது என்னும் இரண்டு முடிவுகளும் சிறுமியின் கையில் இருந்தால் நிகழ்ச்சி உயிர்பெறுகிறது, பெரியவர்கள் அவற்றைத் தம் கையில் வைத்துக்கொண்டால் மண்டபம் நிறைந்தாலும் நோக்கம் நிறைவேறுவதில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது அழைப்பிதழ். எந்த அணியிலும் தந்தையை இழந்தவள், தந்தை தொலைதூரத்தில் படைப்பணியில் இருப்பவள், பெற்றோர் பிரிந்து வாழ்பவள், தாயே தனியாக வளர்ப்பவள் என யாரேனும் இருக்கக்கூடும்; ‘தந்தை’ என்று மட்டும் அச்சிட்ட தாள் அவர்களைப் பெயர் சொல்லாமலே வெளியே நிறுத்திவிடும். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிரான்ஸ்டன் நகரப் பள்ளிகளில் தந்தை–மகள் நடனங்கள் கைவிடப்பட்ட செய்தி 2012இல் நாடெங்கும் பேசப்பட்டதற்குத் தொடக்கம், தனியாக மகளை வளர்த்த ஒரு தாயின் முறையீடுதான். கல்வியில் பால்பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ என்னும் 1972ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், இருபாலருக்கும் ஒப்பான வாய்ப்பு தரப்படுமானால் இத்தகைய பள்ளி நிகழ்ச்சிகளுக்கு விலக்களிக்கிறது; எனினும் அந்த மாநிலத்தின் சட்டத்தில் அவ்விலக்கு இருக்கவில்லை. சட்டம் எப்படியிருப்பினும், அந்தத் தாயின் கேள்வி நியாயமானது. ‘தந்தையோ, தாத்தாவோ, மாமாவோ, அண்ணனோ, நீ விரும்பி அழைக்கும் வேறொரு பெரியவரோ’ என்று சிறுமியையே முன்னிலைப்படுத்தி எழுதிய அழைப்பு, விதிவிலக்குக் கேட்டு நிற்க வேண்டிய கூச்சத்திலிருந்து அவளைக் காப்பாற்றும். அந்த வரி அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் ஒதுங்காமல், முதல் வரியாகவே இடம்பெற வேண்டும்.

அழைக்கும் உரிமை சிறுமியிடம் இருக்கும்போது எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் நடந்தது சான்று. அங்கே ஆஞ்செலா பாட்டன் என்பவர் பெண்குழந்தைகளுக்காக நடத்திய ‘கேம்ப் டீவா’ அமைப்பில் தந்தை–மகள் நடனம் வழக்கமாக இருந்தது. தந்தை சிறையில் இருக்கும் சிறுமியர் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, சிறைக்குள்ளேயே நடனத்தை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைச் சொன்னவர்களும், அனுமதி கேட்டுச் சிறை அதிகாரிக்குக் கடிதம் எழுதியவர்களும் அச்சிறுமியரே. அனுமதி கிடைத்து, நடனமும் நடந்தது. பின்னர் வாஷிங்டன் நகரச் சிறையில் நடைபெற்ற இத்தகைய நிகழ்ச்சி, பாட்டனும் நடாலி ரேயும் இயக்கிய ‘டாட்டர்ஸ்’ என்னும் ஆவணப்படமாக 2024இல் வெளிவந்தது. நடனத்துக்கு முன் தந்தையர் பல வாரங்கள் வழிகாட்டியுடன் அமர்ந்து தந்தைமை குறித்துப் பேசித் தயாராகிறார்கள் என்பதை அப்படத்தில் காணலாம். சாதாரண அணிகள் அவ்வளவு செய்ய முடியாது. ஆனால் தந்தையரையும் தயார்ப்படுத்த வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தயாரிப்பின் அவசியம் மரவேலைப் பட்டறையில் மிகத் தெளிவாகப் புலப்படும். பறவைக்கூடு செய்வதற்கு அறுத்து வைத்த பலகைகளும் ஆணிகளும் ஒரு சுத்தியலும் மேசையில் இருந்தால், சிறிது நேரத்தில் சுத்தியல் தந்தையின் கைக்கும் பலகையை அசையாமல் பிடிக்கும் வேலை மகளின் கைக்கும் போய்ச் சேரும். கூடு அழகாக அமையும், மகளோ வேடிக்கை பார்த்தவளாக வீடு திரும்புவாள். இதற்குத் தந்தையரைக் குறைகூறிப் பயனில்லை, ஏனெனில் குழந்தையின் விரல் நசுங்கிவிடும் என்ற அச்சமே பெரும்பாலும் அவர்களைச் சுத்தியலை வாங்கவைக்கிறது. ஆகவே அச்சத்தின் காரணத்தையே நீக்க வேண்டும்: ஆணி இறங்கும் இடங்களில் முன்னதாகவே சிறு துளை இட்டு வைப்பது, பெரியவர்களின் 450 கிராம் சுத்தியலுக்குப் பதிலாக அதில் பாதி எடையுள்ளதை வைப்பது, ஆணியை விரலால் பிடிக்காமல் பழைய சீப்பின் பற்களுக்கிடையே செருகி நிறுத்தக் கற்றுத் தருவது ஆகியவை போதுமானவை. தொடங்கும் முன், கருவி முதலில் மகளின் கைக்கே வரும், அவள் கேட்டால் மட்டுமே தந்தை வாங்கலாம் என்ற ஒரே விதியைத் தந்தையரைத் தனியே அழைத்துச் சொல்லிவிட வேண்டும். தாமாகச் செய்து கற்பது, சிறுமியரே வழிநடத்துவது ஆகிய இயக்கத்தின் கொள்கைகள் நடைமுறையில் இப்படித்தான் நிலைபெறுகின்றன.

நடன விருந்தின் சிக்கல் வேறு வகையானது. இசை தொடங்கியதும் சிறுமியர் தோழிகளோடு நடுவில் கூடிவிட, தந்தையர் சுவரோரம் கைப்பேசியோடு நின்றுவிடுவார்கள். இதற்குச் சிறந்த மாற்று ‘ஸ்குவேர் டான்ஸ்’ என்னும் அமெரிக்க நாட்டுப்புற நடனம்: நான்கு இணைகள் சதுரமாக நிற்க, அடவுகளை ஒருவர் உரக்கச் சொல்லச் சொல்ல எட்டுப் பேரும் ஆடுவதால், ஆடத் தெரியாதவருக்கும் அங்கே இடமுண்டு. வயதுக்கேற்ற தேர்வும் முக்கியம். ஒன்றாம் வகுப்பு வரையிலான ‘டெய்சி’களும் இரண்டு, மூன்றாம் வகுப்புப் ‘பிரவுனி’களும் நடனத்தில் மகிழ்வார்கள்; ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ‘கடெட்’ பிரிவினர் பலருக்கு அது கூச்சம் தரும். அவர்கள் கார்ச் சக்கரம் மாற்றுவதையோ கூடாரம் அடிப்பதையோ விரும்பக்கூடும். ஊகிப்பதைவிட அவர்களையே வாக்களிக்கச் சொல்வது நல்லது.

பாதுகாப்பு விதிகளில் எந்தச் சலுகையும் கூடாது. வெளி நிகழ்ச்சிகளில் 6 டெய்சிகளுக்கு அல்லது 12 பிரவுனிகளுக்கு, ஒருவருக்கொருவர் உறவினரல்லாத, பதிவுபெற்ற 2 பெரியவர்கள் இருப்பதும், அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருப்பதும் இயக்கத்தின் நெறி. தந்தையர் பலர் வந்திருப்பது இதற்கு ஈடாகாது. இரவு முகாமில் ஆண்களுக்குத் தனித் தங்குமிடமும் தனிக் கழிப்பறையும் வேண்டும். நிகழ்ச்சியின் தேதியை இரண்டு மாதம் முன்னதாக அறிவித்தால், வார இறுதிகளில் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் தந்தையர் தம் முறையை மாற்றிக்கொள்ள வழியுண்டு. இணைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைப்பது இரண்டு, மூன்று மகள்கள் உள்ள குடும்பத்துக்குச் சுமையாகும். குடும்பத்துக்கு ஒரே கட்டணம் என்பதே நேர்மையானது. ஒரே தந்தையைப் பங்கிட்டுக்கொள்ளும் சகோதரியருக்கு உதவியாகக் கூடுதலாக ஓரிரு தன்னார்வலர்களும் இருக்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவது பெரும் வாய்ப்பைத் தவறவிடுவதாகும். தன் மகளோடு ஒருநாள் வந்துபோகும் தந்தை விருந்தினர். பிற சிறுமியருக்கும் பொறுப்பேற்க வேண்டுமானால் அவர் உறுப்பினராகப் பதிவுசெய்து, முன்வரலாற்றுச் சோதனைக்கு உடன்பட்டாக வேண்டும். மகளோடு சேர்ந்து ஆடியும் ஆணியடித்தும் மனம் நெகிழ்ந்திருக்கும் அந்த மாலையே அதற்கு ஏற்ற வேளை. ஆகவே அணித் தலைவர்கள் வாசலருகே ஒரு மேசையிட்டு, பதிவுப் படிவங்களையும் அடுத்த மூன்று கூட்டங்களின் தேதிகளையும் அங்கே வைத்து, விடைபெறும் ஒவ்வொரு தந்தையிடமும் தாமே சென்று கேட்க வேண்டும்.