துன்பம் உரைக்கும் சொற்கள்

நுழையும்முன்

ஒரு மொழியைக் கற்பவர், தம் துன்பத்தை அம்மொழியில் பிறர்க்குத் தெளிவாக உணர்த்தவும் கற்றல் வேண்டும். சொல் தவறினால் உரிய நேரத்தில் கிடைக்கவேண்டிய உதவியும் தவறிவிடும். ஆங்கிலத்தில் இன்னலைக் குறிக்கும் சில சொற்களின் பிறப்பையும் பயன்பாட்டையும் இப்பாடம் விளக்குகிறது.

கலங்கிய நீரும் குறுகிய இடமும்

துன்பத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள சொல் ‘டிரபிள்’ என்பதாகும். கலங்கல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழித்தோன்றிய இது, பிரெஞ்சு வாயிலாக ஆங்கிலத்தை அடைந்தது. நீரின் நிலை மனத்தின் நிலைக்குப் பெயராயிற்று. தமிழிலும் ‘கலங்குதல்’ நீருக்கும் உரியது, நெஞ்சுக்கும் உரியது. கடுந்துயரைக் குறிக்கும் ‘ஆங்குவிஷ்’ என்னும் சொல்லோ, குறுகலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழின் ‘நெருக்கடி’யும் ‘நெருக்கு’ என்னும் வினையின் அடியாகத் தோன்றியதே. வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சார்ந்த இரு மொழிகள் ஒரேவகை உருவகத்தைக் கண்டடைந்தமை எண்ணி மகிழத்தக்கது.

வரலாறு பொதிந்த சொல்

கடுஞ்சோதனையைக் குறிக்கும் ‘ஆர்டீல்’ என்னும் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் தீர்ப்பு என்பது பொருள். இடைக்கால இங்கிலாந்தில், குற்றம் சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி நடப்பதும் ஒரு தீர்ப்பு முறையாக இருந்தது. புண் ஆறும் தன்மையைக் கண்டு தீர்ப்பு உரைத்தனர். இச்சடங்கில் குருமார் பங்கேற்பதை 1215ஆம் ஆண்டில் நான்காம் இலாத்தரன் சங்கம் தடைசெய்தது. வழக்கம் மறைந்தது, சொல் நிலைத்தது.

தொடரும் தகுதியும்

‘பேய்க்கும் ஆழ்கடலுக்கும் இடையே’ என்பது ஓர் ஆங்கில மரபுத்தொடர். எப்பக்கம் சென்றாலும் கேடு என்பது அதன் கருத்து. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழர்க்கு விளங்காது. ‘இருதலைக்கொள்ளி எறும்புபோல’ என்றால் உடனே விளங்கும். ‘ஊறுகாய்க்குள் அகப்பட்ட நிலை’ என்னும் ஆங்கிலத் தொடர், சிறு சங்கடத்தைச் சற்றே நகைச்சுவையோடு குறிப்பது. இழப்பில் வாடுவோரிடம் அதனைக் கூறுதல் புண்படுத்தும். ஆகவே, பொருளோடு தகுதியும் அறிதல் இன்றியமையாதது.

உயிர்காக்கும் சொல்

1920களின் தொடக்கத்தில், இலண்டனை அடுத்த குராய்டன் வானூர்தி நிலையத்தில் வானொலி அலுவலராகப் பணியாற்றியவர் பிரெடரிக் மாக்ஃபோர்டு. ஆபத்தில் சிக்கிய வானோடி கூறினால் எல்லோருக்கும் தெளிவாக விளங்கக்கூடிய சொல்லொன்று அன்று தேவைப்பட்டது. அங்கிருந்து பாரிசுக்கு வானூர்திகள் மிகுதியாகச் சென்றுவந்தன. எனவே, ‘எனக்கு உதவுக’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவி, ‘மேடே’ என்னும் சொல்லை அவர் அமைத்தார். 1927ஆம் ஆண்டில் அது பன்னாட்டு ஏற்பினைப் பெற்றது. இரைச்சலில் மறைந்துவிடாதபடி அதனை மும்முறை கூறுவர். துன்பத்தைச் சொல்லும் சொல் கேட்பவரைச் சென்றடையும்போதே அது பயன் நிறைந்ததாகிறது.

கற்பவை கற்றபின்

துன்பநிலையை உணர்த்தும் தமிழ் மரபுத்தொடர்கள் ஐந்தினைத் தொகுத்து, நிகரான ஆங்கிலத் தொடர்களோடு ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.