மழைக்காலத்தில் காளைகளுக்குத் தீவனம்

குளிர் நாடுகளில் பனி மூடும் மாதங்களுக்கென உழவர்கள் கோடையிலேயே புல்லை அறுத்து, உலர்த்திச் சேமித்து வைக்கின்றனர். நம் நாட்டில் பனி இல்லை; புல் ஆண்டு முழுவதும் பசுமையாகவே இருக்கிறது. ஆகவே, தீவனம் சேமிக்க வேண்டியதில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், வடகிழக்குப் பருவக்காற்று ஜொகூருக்குக் கொண்டுவரும் பெருமழையே நம் மாடுகளுக்குப் பனிக்காலமாகும்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்களை வெள்ளம் சூழ்ந்தது. 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் முதலிய இடங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய நாட்களில் மேய்ச்சல் நிலம் கண்ணுக்கே தெரிவதில்லை. வெள்ளம் வராத தோட்டங்களிலும் வேறொரு துன்பம் உண்டு. மழை பெய்தால் பால்மரம் வெட்ட இயலாது, வருமானம் குறையும். அதே வேளையில் கொட்டகையிலுள்ள காளையும் இளைக்கும். கைச்செலவுக்கு வழியின்றி, இளைத்த காளையை வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்துவிட நேரிடும். ஓராண்டு உழைப்பின் பயன் இரண்டு மாத மழையில் கரைந்துவிடும்.

வயிறு நிறைந்தும் காளை இளைப்பது ஏன்?

மழையில் நனைந்த இளம்புல்லில் நீரே மிகுதி. 250 கிலோ எடையுள்ள காளைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 6 கிலோ உலர்சத்து தேவை. நூற்றுக்கு 25 பங்கு உலர்சத்துள்ள முற்றிய புல் என்றால் 24 கிலோ போதும். 15 பங்கே உள்ள நனைந்த புல் என்றால் 40 கிலோ வேண்டும். அவ்வளவையும் காளையால் தின்ன முடியாது. எனவே, அறுத்த புல்லைக் கூரையின்கீழ் பரப்பி, சில மணி நேரம் வாடவிட்டுப் போடுதல் நலம். களைக்கொல்லி தெளித்த வரிசைகளில் புல் அறுக்கவே கூடாது.

ஊறுகாய்ப் புல்

மழைக்கு முன்பே தீவனம் சேமிக்க எளிய வழி ஊறுகாய்ப் புல்லாகும். தோட்ட நிர்வாகத்தின் இசைவு பெற்று, லயத்துக்கு அருகிலுள்ள வெற்றிடத்தில் நேப்பியர் புல்லை நடலாம். ஆறு முதல் எட்டு வாரம் வளர்ந்த புல்லைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், வெயில் நாளாகப் பார்த்து அறுக்க வேண்டும்.

1. புல்லை அரை நாள் வாடவிட்டு, ஓர் அங்குல நீளத்துக்கு நறுக்குக.
2. 100 கிலோ புல்லுக்கு 3 கிலோ கரும்புப் பாகுக்கழிவைச் சிறிது நீரில் கரைத்துத் தெளித்துக் கலக்குக.
3. மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் அடுக்கடுக்காக இட்டு, காற்று சிறிதும் தங்காதவாறு மிதித்து அழுத்துக.
4. மூடியை இறுக்கி, மேடான இடத்தில், நிழலில் வைக்கவும். மூன்று, நான்கு வாரத்தில் தீவனம் பக்குவமாகும்.

நன்கு பக்குவமான புல் இளம் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் புளிப்பு மணமும் உடையது. கறுத்து நாறினாலோ, பூஞ்சணம் பிடித்திருந்தாலோ எறிந்துவிட வேண்டும். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் ஏறத்தாழ 100 கிலோ புல் கொள்ளும். ஒரு காளைக்கு நாளுக்கு 10 கிலோ வீதம் 60 நாட்களுக்கு ஆறு பீப்பாய்கள் தேவைப்படும். எஞ்சிய தேவைக்கு வாடவிட்ட புல்லைப் போடலாம்.

புண்ணாக்கும் தடுப்பூசியும்

செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில் நூற்றுக்கு 16 பங்களவு புரதம் உண்டு. முதலில் கையளவு கொடுத்துப் பழக்கி, பின்னர் நாளுக்கு ஒன்றரை கிலோ வரை உயர்த்தலாம். ஆனால், செம்மறியாட்டுக்கு இதனை மிகுதியாகக் கொடுத்தால் இதிலுள்ள செம்புச் சத்தே நஞ்சாகிவிடும். புண்ணாக்கு மூட்டைகளை ஈரத்தரையில் வைக்காமல் பலகையின்மேல் அடுக்குவது அவசியம்.

மழைக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் பரவும். மாலையில் நன்றாக இருந்த மாடு மறுநாள் மடிந்துவிடக்கூடும். ஆகவே, மழை தொடங்குமுன் மாவட்டக் கால்நடை அலுவலகத்தை அணுகித் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். மாடு வளர்ப்பில் பயிற்சி பெற விரும்புவோர், நம் ஜொகூரின் குளுவாங்கிலேயே அமைந்துள்ள மலேசியக் கால்நடை மருத்துவக் கழகத்தில் விசாரித்தறியலாம்.

காளையை எப்பொழுது விற்பது என்பதை மழை முடிவு செய்யக்கூடாது; நாமே முடிவு செய்ய வேண்டும். உடல் தேறிய காளைக்கு ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி நல்ல விலை கிடைக்கும். அதுவரை அதனைக் காத்து வைக்க, செப்டம்பர் வெயிலில் நிரப்பிய ஆறு பீப்பாய்கள் நமக்குத் துணைநிற்கும். இவ்வாண்டு மழைக்கு முன்பே அவற்றை நிரப்பி வைப்போமாக!