மவுஸ் இல்லாமலும் வரையலாம்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஈப்போவில் கட்டட வரைபடத் தொழிலில் நெடுங்காலமாக இருந்துவரும் எனக்கு, சென்ற ஆண்டு வலது மணிக்கட்டில் நரம்பு பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் மவுஸைத் தொடவே இயலாமற் போனபோது, "இனி உங்கள் வேலை என்ன ஆகும்?" என்று பரிவோடு விசாரித்தவர்கள் பலர், மவுஸ் இல்லாமலும் வரையலாமே என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. விசைப்பலகை ஒன்றையே துணையாகக் கொண்டு ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வேலை செய்த அந்த நாட்களின் அனுபவத்தால், நம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கும் சில அபிப்பிராயங்களைத் திருத்துவது அவசியம் என்று உணர்ந்தேன். ஏனெனில், கை முடங்கிய ஒரு பிள்ளையை 'இந்தப் படிப்பு உனக்கு ஆகாது' என்று வாசலிலேயே திருப்பியனுப்புவதற்கு இவையே காரணமாகிவிடுகின்றன.

நம்பிக்கை 1: கணினி வரைபடம் மவுஸோடு பிறந்தது.

உண்மை: அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவரான ஐவன் சதர்லாந்து 1963-இல் தம் ஆராய்ச்சிக்காக இயற்றிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவாலும் பொத்தான்களாலும் இயங்கியது; டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை ஒரு பெரும் சபையின்முன் இயக்கிக் காட்டியதோ 1968 டிசம்பர் 9-ஆம் தேதி. 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட்டும் ஆணைகளை எழுத்தாகத் தட்டும் பழக்கத்திலேயே வளர்ந்தது. அந்த ஆணை வரி இன்றும் திரையின் அடியில் நமக்காகக் காத்திருக்கிறது. இன்னும் பின்னே போனால், நம் தஞ்சோங் துவாலாங்கில் பார்வைக்கு நிற்கும் ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல், 4,500 டன் எடை கொண்ட அந்தப் பிரம்மாண்டம், கணினியே இல்லாத 1938-இல் கட்டப்பட்டது. அதன் ஒவ்வோர் உறுப்பையும் காகிதத்தில் வரைந்தவர்களுக்குத் துணைநின்றவை அளவுகோலும் கோணமட்டமும் கணக்கறிவுமே.

நம்பிக்கை 2: விசைப்பலகையால் வரைந்தால் படம் துல்லியமாக வராது.

உண்மை: துல்லியம் எண்ணிலிருந்து வருகிறதே அன்றிக் கையசைவிலிருந்து வருவதில்லை. சுங்கை சிப்புட் பக்கம், இன்று செம்பனை மண்டிக்கிடக்கும் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் நான் பிறந்த லயத்து அறையை, மில்லிமீட்டர்க் கணக்கில் 3600-க்கு 3000 என்று வைத்துக்கொண்டு, இப்படித்தான் வரைந்தேன். கோட்டு ஆணைக்குரிய 'எல்' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டி எண்டர், தொடக்கப் புள்ளியாக 0,0, பிறகு @3600,0, @0,3000, @-3600,0, கடைசியில் 'சி' என்று தட்டியதும் நான்காவது சுவர் தானே வந்து மூடிக்கொண்டது. 115 மில்லிமீட்டர் கனமுள்ள சுவரின் வெளிவிளிம்புக்கு, செவ்வக ஆணையில் -115,-115 என்றும் @3830,3230 என்றும் இரண்டே மூலைகளைக் கொடுத்தேன். அறை ஒன்றாயிற்று, லயம் என்றால் வரிசையல்லவா? வரைந்ததைப் பல பிரதிகளாக அடுக்கும் அர்ரே ஆணையைக் கழித்தல் குறியோடு தட்டி, அனைத்தையும் தேர்ந்து, ஒரு வரிசை, பத்து நிரல், இடைவெளி 3715 என்று சொல்லவே, அடுத்தடுத்த வீடுகள் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் அந்தப் பழைய லயம் கண்முன் எழுந்தது. @ என்ற குறி, 'கடைசிப் புள்ளியிலிருந்து இவ்வளவு தூரம்' என்று பொருள்படும். அதை விட்டுவிட்டால் கோடு வேறெங்கோ போய்விடக்கூடும் என்பதால், புதிதாகப் பழகுவோர் இந்தக் குறியை மறத்தல் கூடாது.

தூரமும் கோணமும் சொல்லிக் கோடு போடும் வித்தை நம்மவர்க்குப் புதிதும் அன்று. பால்மரத்தின் பட்டையில் பால் செல்லும் குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், அவற்றுள் அதிகமானவை அறுபடும்படி, வெட்டை இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு இடுவது வழக்கம். பட்டையை விரித்துத் தட்டையாக வைத்ததாகப் பாவித்தால், 400 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த வெட்டு கணினியில் @400<-30 என்ற ஒரே வரி. பெரட்டு எனப்படும் விடியற்காலை ஆள்கணக்கு முடிந்து இருட்டோடு உளியை எடுத்துக்கொண்டு போன நம் தாய்மார்கள், இந்தக் கோணத்தைத் தம் கையிலேயே வைத்திருந்தார்கள்.

நம்பிக்கை 3: மவுஸ் இல்லையேல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவோ, படத்தைச் சுற்றிப் பார்க்கவோ முடியாது.

உண்மை: ஆணை, 'எதை?' என்று கேட்கும்போது, 'எல்' என்றால் கடைசியாக வரைந்தது, 'பி' என்றால் முன்பு தேர்ந்தது, 'ஆல்' என்றால் அனைத்தும். 'டபிள்யூ' தட்டி இரு மூலைகளின் எண்களைத் தந்தால், அவற்றுக்குள் முழுமையாக அடங்கியவை. 'இசட்' தட்டி 'இ' தட்டினால் படம் முழுவதும் திரையில் வந்து நிறையும். முப்பரிமாண உருவத்தைத் தென்மேற்கிலிருந்து நோக்க வேண்டுமா? வி-பாயிண்ட் ஆணைக்கு -1,-1,1 என்ற விடை போதும்.

நம்பிக்கை 4: கை தளர்ந்தவருக்கு இத்தொழில் ஆகாது.

உண்மை: விண்டோஸ் கணினியில் இடப்புற ஆல்ட், இடப்புற ஷிப்ட், நம்லாக் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால், எண் விசைகளாலேயே திரையின் சுட்டுமுனையை நகர்த்தும் வசதி உண்டு, 5 என்பது சொடுக்கு. மணிக்கட்டை அசைக்காமல் உருட்டும் பந்துக் கருவியும், தலையசைவைப் பின்பற்றும் கருவியும் உண்டு. ஓப்பன்ஸ்கேட் என்ற இலவச மென்பொருளில் உருவத்தையே எழுத்தால் விவரித்துப் படைக்கலாம்.

நம்பிக்கை 5: அப்படியானால் விசைப்பலகையே சகலத்துக்கும் போதும்.

உண்மை: இதுவும் பிரமையே. எண்ணுக்கு எளிதில் அடங்காத வளைவுகளை மனம்போனபடி இழைப்பதற்கும், நெருங்கிக் கிடக்கும் நூறு விளிம்புகளுள் ஒன்றைத் தொடுவதற்கும் சுட்டும் கருவியே சௌகரியம். ஆணை வரியே இல்லாத மென்பொருள்களும் உள. ஆகவே, எந்த மென்பொருள் எந்தக் கைக்கு இசையும் என்று பார்த்தே தொடங்கல் வேண்டும்.

1969-இல் இந்நாட்டின் முதல் பாலிடெக்னிக்காக உங்கு ஓமார் பாலிடெக்னிக் தோன்றியது நம் ஈப்போவில்தான்; தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்கல்வியால் முன்னேறுவதை என் வாழ்நாளெல்லாம் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். அத்தகைய பிள்ளை ஒருவன், வழங்காத கையோடு வரைபட வகுப்பின் வாசலில் வந்து நின்றால், ஆசிரியப் பெருமக்கள் அவன் கையைப் பார்த்துத் தயங்க வேண்டாம், விசைப்பலகையின் முன் அவனை உட்காரவைத்து, "தம்பி, உன் வீட்டுச் சுவர் எத்தனை அடி நீளம்?" என்று கேட்டுப் பாடத்தை ஆரம்பியுங்கள்.