டல்சிமர் வாத்தியத்தில் றொக் பாடல்

மேனாட்டு றொக் பாடல்களை மடியில் வைத்து மீட்டும் ஒரு சிறு மர வாத்தியத்தில் வாசித்தல் கூடுமோ என வினவுவார் உளர். கூடும், ஆயினும் எல்லாப் பாடலும் கூடா. எது கூடும் என்பதை அவ்வாத்தியத்தின் மெட்டுக்களே உரைத்துவிடும்.

டல்சிமர் என்னும் இவ்வாத்தியம் வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. உடுக்கைபோல் இடை சிறுத்த நீண்ட பெட்டி. பெரும்பாலும் மூன்று தந்திகள். ஒன்றிற் பாட்டு நடக்க, ஏனைய இரண்டும் தம்புராவைப்போல் இடையறாது சுருதி கூட்டும். இடக்கையில் ஒரு சிறு கோல் தந்தியை அழுத்திச் செல்லும். கென்ரக்கியிற் பிறந்த ஜீன் றிச்சி அம்மையாரால் இது நகரத்தார் செவிக்கும் எட்டிற்று. 1966 இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரான பிறயன் ஜோன்ஸ் 'லேடி ஜேன்' பாடலில் இதனை மீட்டினார். (அவ்வாண்டிலேயே வேறொரு பாடலுக்குச் சித்தாரையும் அவர் கையில் எடுத்தார்.) 1971 இல் ஜோனி மிச்செல் 'புளூ' என்னும் இசைத்தட்டில் இதனைப் பயன்படுத்தினார். ஆகவே றொக் இசைக்கு இது அந்நியமன்று.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். வீணையில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுக்கள். பழைய டல்சிமரிலோ ஏழே. இரண்டு கட்டைச் சுருதியில் ஸ, ப, மேல் ஸ எனத் தந்திகளைக் கூட்டி, பாட்டுத் தந்தியைத் திறந்தபடி ஷட்ஜமாகக் கொண்டு மெட்டு மெட்டாக ஏறிப் பாருங்கள். சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். இஃது இருபத்தெட்டாம் மேளமாகிய ஹரிகாம்போதியே அன்றோ! பழந்தமிழர் செம்பாலை என்றதும் இதுவே என்பர் ஆராய்ச்சியாளர்.

றொக் பாடல்கள் பலவும் இந்தக் கைசிகி நிஷாதத்தையே நாடுகின்றன. 1968 இல் வந்த பீற்றில்ஸ் குழுவின் 'ஹே ஜூட்' பாடலின் நெடிய முடிவுப் பகுதியிலும், 1974 இல் வந்த 'சுவீற் ஹோம் அலபாமா' பாடலிலும் இதனைக் கேட்கலாம். தொடங்குவோர் இவற்றையே முதலில் எடுத்தல் நன்று. கிற்றார்க்காரர் ஸ்வரக் கூட்டை மாற்றுமிடத்தில் மாறாத நம் சுருதி சற்றே உறுத்தும். அங்கே பாட்டுத் தந்தியை மாத்திரம் தொட்டாற் போதும்.

காகலி நிஷாதம் வேண்டும் பாடலாயின், பாட்டுத் தந்தியைப் பஞ்சமத்துக்கு இறக்கி, மூன்றாம் மெட்டை ஷட்ஜமாகக் கொள்க. சங்கராபரணம் தானே வந்துவிடும். முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு வர்ணமெட்டுக்களுக்கு நோட்டுஸ்வர சாகித்தியம் செய்ததும் இவ்விராகத்திலேயே. நம் மாணவருட் சிலர் மேளகர்த்தாவைப் பரீட்சைக்கென்றும் றொக் இசையைப் பொழுதுபோக்குக்கென்றும் பிரித்து வைத்திருக்கின்றனர். அதனால் இரண்டும் அவர்க்கு அரைகுறையாகவே நிற்கின்றன.

இதனை நான் அறிந்தது ஓர் அவமானத்தினால். பழைய மாணவர் சிலர் கண்டியில் ஒரு மாலை கூடியிருந்தபோது, பீற்றில்ஸ் குழுவினர் 1965 இற் பாடிய 'நோர்வீஜியன் வூட்' பாடலை வாசிக்கத் துணிந்தேன். அன்று மழை, மரம் ஈரத்தில் ஊறி, முறுக்காணிகள் பிடிவாதஞ் செய்தன. எவ்வாறோ சுருதி சேர்த்தேன். எடுப்பு ஹரிகாம்போதியில் வழுக்கிக்கொண்டு சென்றது. நடுப்பகுதி வந்ததும் காந்தாரம் சாதாரண காந்தாரமாயிற்று. அதற்குரிய மெட்டு என் வாத்தியத்தில் இல்லை! கோல் அங்குமிங்கும் அலைய, முன்வரிசையில் இருந்த ஆசிரியர் ஒருவர் புன்னகையுடன், "தம்பி, கரஹரப்பிரியாவுக்கு வழி தெரியாமல் ஏன் புறப்பட்டீர்?" என்றார்.

இக்காலத்து வாத்தியஞ் செய்வோர் காகலி நிஷாதத்துக்கு ஆறரை மெட்டும், சிலர் சாதாரண காந்தாரத்துக்கு ஒன்றரை மெட்டும் சேர்த்துத் தருகின்றனர். வாங்குவோர் வாங்குக. யான் இன்னும் சேர்க்கவில்லை. அப்பாடலின் நடுப்பகுதி வரும்போது கோலை எடுத்துவிட்டுத் திறந்த தந்திகளை மாத்திரம் மீட்டுகின்றேன். அவற்றிற் காந்தாரமே இல்லையாதலின், அதனை வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொள்கிறது.