மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்!

பொல்பிட்டிய பக்கத்துத் தோட்டங்களில் பலர், உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். நோய் திரும்ப இதுவே போதும். கவனிக்க:

• கினிகத்தேனை அல்லது டிக்கோயா அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் எந்த நாள் என்று விசாரியுங்கள். அரசாங்க கிளினிக்கில் மருந்து இலவசம். அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போனாலும் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

• கிளினிக் கொப்பியை எங்கே போனாலும் கொண்டுபோங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் காட்டுங்கள்.

• லித்தியம் எடுப்பவர்கள் வெயிலில் கொழுந்து பறிக்கும்போது தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரையைக் கேட்காமல் போடக்கூடாது. கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

• குளோசபின் எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல், தொண்டைவலி வந்தால் அன்றே காட்டுங்கள்.

• வல்புரோயேட் மாத்திரை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். கர்ப்பம் தரிக்க எண்ணும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே கர்ப்பமென்றாலும் நீங்களாக நிறுத்தாமல் உடனே போய்க் காட்டுங்கள்.

• சாராயம், கசிப்பு வேண்டாம்.

அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்கும். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ். இரண்டு இலக்கங்களையும் இன்றே போனில் பதிந்துவையுங்கள்.