பழைய பார்கோவுக்குப் புது ஆயில் பில்டர்

கேள்வி: தாத்தா வாங்கிய பார்கோ லாரி எங்கள் வீட்டில் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. சிம்சன் பி6 டீசல் இன்ஜின். ஒரு காலத்தில் பேரளம், பூந்தோட்டம், குடவாசல் என்று சுற்றுவட்டாரம் முழுக்க நெல் மூட்டை ஏற்றிய வண்டி. இப்போது தை அறுவடையில் சொந்த நெல்லைக் களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர மட்டும் எடுக்கிறோம். கிண்ணத்துக்குள் எலிமெண்ட் வைக்கும் பழைய மாதிரி ஆயில் பில்டர். அந்த எலிமெண்ட் திருவாரூரிலும் இல்லை, கும்பகோணத்திலும் இல்லை. லேத்தில் ஓர் அடாப்டர் கடைந்து, இப்போது வரும் டப்பா பில்டரைத் திருகிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா ஐயா? இன்ஜினுக்குக் கெடுதல் வருமா?

வாசகர், நன்னிலம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் லேத்துப் பட்டறைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் பில்டர் வழியாக எல்லா ஆயிலும் போகிறதா, கொஞ்சம்தான் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். மரை அளவும் டப்பா அளவும் அப்புறம்தான். இதைப் பார்க்காமல் அடாப்டர் போட்டு, பேரிங் தேய்ந்து கிராங்க் கெட்டுப்போன வண்டிகள் உண்டு.

அந்தக் காலத்து இன்ஜின்கள் பலவற்றில், பம்ப் தள்ளும் ஆயிலில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பில்டருக்குப் போகும். பேரிங்குகளுக்கு ஆயில் கொண்டுபோகும் வழியான கேலரியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பிரிந்து பில்டருக்குள் நுழையும்; வடிகட்டிய ஆயில் இன்னொரு குழாய் வழியாக நேரே அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் விழும். பேரிங்குக்கு நேராகப் போவது வடிகட்டாத ஆயில்தான். திரும்பத் திரும்பச் சுற்றுவதில் மொத்த ஆயிலும் மெல்ல மெல்லச் சுத்தமாகும் என்பது கணக்கு. இதற்குப் பைபாஸ் முறை என்று பேர். பின்னால் வந்தது முழு ஓட்ட முறை. அதில் பம்பிலிருந்து வரும் ஆயில் முழுவதும் பில்டரைத் தாண்டித்தான் கேலரிக்குப் போகும்.

உங்கள் வண்டியில் எது என்பதை மாடல் பேரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் எத்தனை மெக்கானிக் கை பட்டதோ, புத்தகத்தில் இருப்பது வண்டியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பில்டர் தனியாக ஒரு பிராக்கெட்டில் நின்று, பென்சில் பருமனுள்ள குழாய்கள் வந்துபோய், அதில் ஒன்று சம்புக்கு இறங்கினால் பைபாஸ். பில்டரின் தலைப்பகுதி பிளாக்கோடு ஒட்டிப் பெரிய துளைகளுடன் இருந்தாலோ, தடித்த குழாய்கள் இரண்டும் பிளாக்குக்கே திரும்பினாலோ முழு ஓட்டம்.

பைபாஸாக இருந்தால், அந்த வழியில் எங்கோ ஒரு சின்னத் துளை இருக்கும். பெரும்பாலும் அரை நூல் அளவு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். குழாய் முனையிலோ, கிண்ணத்தின் நடுத் தண்டிலோ ஒளிந்திருக்கும். பழைய கிண்ணத்தைக் கழற்றும்போது தண்டோடு அதுவும் போய்விடுவதுதான் ஆபத்து. அதன் பிறகு பம்ப் தள்ளுகிற ஆயில் தடையில்லாமல் சம்பில் கொட்டும். கேலரியில் பிரஷர் நிற்காது. அதே அளவுத் துளையைப் புது வழியில் கட்டாயம் வையுங்கள்.

முழு ஓட்டமாக இருந்தால் கவலை வேறு. எலிமெண்ட் அடைத்துக்கொண்டாலோ, காலையில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, பேரிங்குக்கு ஆயில் போக மாற்று வழி வேண்டும். அதற்காகத்தான் ஸ்பிரிங் வைத்த பைபாஸ் வால்வு. பழைய தலைப்பகுதியில் அது இருக்கிறதா, அடாப்டர் அதை மூடிவிடுமா என்று பாருங்கள். மூடினால், வால்வு உள்ளேயே இருக்கும் டப்பாவை வாங்க வேண்டும்.

ஓட்டத்தின் திசையையும் பாருங்கள். இப்போதைய டப்பாவில் அழுக்கு ஆயில் ஓரத்துத் துளைகள் வழியாக நுழைந்து, சுத்தமானது நடுத் துளை வழியாக வெளியேறும். ஓரத்துத் துளைகளுக்கு அடியில், ஆயில் பின்னால் வடியாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அடாப்டரில் வழி மாறிப்போனால் அந்த ரப்பரே கதவடைத்துவிடும்.

இனி மரை. பி6 இங்கிலாந்தின் பெர்கின்ஸ் வடிவமைத்து, சென்னையில் சிம்சன் செய்த இன்ஜின். மூன்றரை அங்குல போர், ஐந்து அங்குல ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர், 4.73 லிட்டர். எல்லாம் இஞ்ச் கணக்கு. டப்பா பில்டர்களிலோ முக்கால் இஞ்ச் 16 மரையும் உண்டு, 20 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையும் உண்டு. முன்னது 19.05 மில்லிமீட்டர்தான். முக்கால் இஞ்ச் தண்டில் மெட்ரிக் டப்பாவைத் திருகினால் பிடித்த மாதிரியே இருக்கும். பிரஷர் ஏறியதும் பிய்த்துக்கொண்டு போகும். வாங்கும்போதே மரை கேஜ் வைத்துப் பாருங்கள். கார் டப்பா வேண்டாம், இந்த இன்ஜினுக்கு அது சிறிசு. உங்கள் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்கும் டிராக்டர் டப்பா ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ப அடாப்டரைக் கடையச் சொல்லுங்கள். ரப்பர் உட்காரும் முகம் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். டப்பாவின் வாய் மேல்நோக்கி இருப்பது நல்லது. ஸ்டீயரிங், புகைக்குழாய் இரண்டிலும் இடிக்காமல், வரப்புப் பாதையில் அடிபடும் அளவுக்குத் தொங்காமல் இருக்க வேண்டும்.

பிளாக்கில் மட்டும் புதுத் துளை போட விடாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். பழைய கிண்ணம், தண்டு, வாஷர் அத்தனையையும் கிரீஸ் தடவிக் கட்டி வையுங்கள். எலிமெண்டின் உயரம், வெளி விட்டம், நடுத் துளை மூன்றையும் அளந்து, சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஒருமுறை விசாரியுங்கள். பேர் வேறாக இருந்தாலும் அளவு பொருந்துவது கிடைத்துவிட்டால் அடாப்டர் வேலையே இல்லை. கும்பகோணத்தில் 1972-ல் தொடங்கிய சோழன் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் யாராவது உங்கள் பக்கம் இருந்தால், அவரை அழைத்துவந்து வண்டியைக் காட்டுங்கள். பழைய டீசல் இன்ஜினைக் கையால் அறிந்தவர்கள் அவர்கள்.

மாற்றுவதற்கு முன்பு, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐட்லிங்கிலும் ஓட்டத்திலும் பிரஷர் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். புது டப்பாவை மாட்டும்போது அதில் ஆயிலை நிரப்பி, ரப்பரில் ஆயில் தடவி, அது முகத்தில் பட்டபின் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்து, கேஜ் முள் எழும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்யலாம். சூடான பின் பழைய அளவைவிடப் பிரஷர் குறைந்தால் உடனே நிறுத்துங்கள்.

புது ஆயில் ஊற்றும் முன் சம்பைக் கழற்றி, அடியில் படிந்த கசடையும் ஆயில் உறிஞ்சும் வலையையும் கழுவிவிடுங்கள். இன்றைய ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் மருந்து கூடுதல். பழைய கசடெல்லாம் இளகிவந்து டப்பாவைச் சீக்கிரம் அடைக்கும். அதனால் முதல் டப்பாவைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள்.

அறுவடைக் களத்துச் சுணையும் தூசியும் இன்ஜினுக்குள் போவது காற்று வழியாகத்தான். ஆயில் ஊற்றிய ஏர் கிளீனர் உங்கள் வண்டியில் இருந்தால், தை மாதம் முழுக்க அதைக் கழுவி ஆயில் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கழற்றிய முதல் டப்பாவை வெட்டி, உள்ளே மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். கறுப்புக் கசடு மட்டும் என்றால் பயமில்லை. செம்பு நிறத்திலோ வெள்ளியாகவோ மினுக்குத் துகள் தெரிந்தால், நெல் ஏற்றுவதை நிறுத்திவிட்டுப் பேரிங்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.